அன்றாடத்தில் படம் தேடுவது: மதுரைச் செய்திப் போட்டோகிராபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்திரிகைக்குப் படம் எடுக்க வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது கேமராவைப் பற்றி அல்ல. "அண்ணே, ரெண்டு பிரஸ் மீட், ஒரு திறப்பு விழா, ஒரு மறியல்னு நாள் ஓடிருது. மனசுக்குப் பிடிச்ச மாதிரி படம் எங்கண்ணே எடுக்கிறது?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியின் பல வடிவங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் நம் ஊர்தான்.

தினமும் அதே தெரு, அதே சந்தை, அதே கோபுரம். இதில் புதிதாக என்ன இருக்கிறது?

தெரு அதேதான். அதில் விழும் வெயிலும் நடக்கிற ஆட்களும் அதே இல்லை. மதுரையின் நடுப்பகுதி கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிகிறது. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். வடக்கு, தெற்கு வீதிகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அதனால் தெற்கு மாசி வீதியில் காலையிலும் சாயங்காலத்திலும் வெயில் தெருவின் நீளத்துக்கே இறங்கும். எதிரே வருகிற சைக்கிளும் தலைச்சுமையும் ஒளி விளிம்போடு தெரியும். கீழ, மேல வீதிகளில் ஒரு சாரி வெயில், மறு சாரி நிழல். கீழ மாசி வீதியின் மொத்தப் பலசரக்குக் கடைகளுக்கு மூட்டை இறக்குகிறவர் நிழலை விட்டு வெயிலுக்குள் கால் வைக்கிற அந்த ஓர் எட்டில்தான் அங்கே படம் இருக்கிறது.

இதெல்லாம் படித்துத் தெரிவதில்லை. ஓர் இடத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குத்தூண் முக்காக இருக்கலாம், செல்லூர்த் தெரு ஒன்றாக இருக்கலாம், உங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தையாக இருக்கலாம். விடியற்காலையில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு நாள், கடை அடைக்கும் நேரத்தில் ஒரு நாள் என்று போய் நில்லுங்கள். யார் முதலில் ஷட்டரைத் தூக்குகிறார், எந்த டீக்கடையில் எந்த நேரம் லோடுமேன்கள் கூடுகிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். பிறகு ஒரு நாள் அந்த ஷட்டர் திறக்காமல் கிடந்தால் உங்கள் கண்ணில்தான் முதலில் படும். வழக்கம் தெரிந்தவருக்குத்தான் மாற்றம் தெரியும், மாற்றம்தானே செய்தி.

மல்லிகை விலை ஏறியது, வெயில் கொளுத்துகிறது என்று வருஷா வருஷம் வரும் செய்திக்கு என்ன எடுப்பது?

மாவட்டப் பக்கத்தில் வேலை பார்ப்பவரின் ஆண்டு இப்படிப்பட்ட செய்திகளால்தான் நிறைகிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ வரத்து குறையும். அதே சமயம் பொங்கலும் தை முகூர்த்தமும் சேர்ந்து வரும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை எகிறும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி என்பதால் வெளியூர்ப் பதிப்புகளிலும் இந்தச் செய்திக்கு இடம் உண்டு. உடனே நாம் என்ன செய்கிறோம்? மார்க்கெட்டுக்குப் போய்க் குவித்து வைத்த பூவை எடுக்கிறோம். குவியல் என்பது நிறைவு. செய்தியோ பற்றாக்குறை. படம் ஒன்று சொல்ல, தலைப்பு வேறொன்று சொல்கிறது.

மார்க்கெட்டை விட்டு வெளியே வந்து, முழம் போட்டு விற்கிற ஓர் அக்காவின் பக்கத்தில் உட்காருங்கள். ஈரத்துணி போர்த்திய தட்டு. நாரை விரலில் சுற்றி, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்துச் சுருக்குப் போடுகிறார். கண் கையில் இல்லை, தெருவில் வருகிற ஆள் மேல் இருக்கிறது. ஒருவர் வந்து விலை கேட்கிறார். முகம் மாறுகிறது. "அரை முழம் போதும்க்கா" என்கிறார். முழங்கையிலிருந்து விரல் நுனி நோக்கிப் போய்க்கொண்டிருந்த சரம் பாதியில் நிற்கிறது. பாதியில் நின்ற அந்தக் கைதான் விலை உயர்வின் படம்.

அதற்கு 35 மி.மீ. லென்ஸும் அரை மணி நேரப் பேச்சும் போதும். ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: வெள்ளைப் பூ சட்டகத்தை நிறைத்தால், வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூட்டி வையுங்கள். கூட்டங்களில் வெள்ளை வேட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போதும் இதே கணக்குத்தான்.

வெயில் செய்திக்கும் இளநீர், தர்பூசணி, முகத்தை மூடிய துப்பட்டா என்று போகாதீர்கள். பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை இருந்தும் மக்கள் வேறெங்கோ நிற்கிறார்கள் என்றால், ஏன் என்று பாருங்கள். பல இடங்களில் கூரையின் நிழல் அந்த நேரத்தில் குடைக்குள் விழாமல் பின்னால் விழுந்து கிடக்கும். பின்னால் போய் நிற்கிற அந்த வரிசை வெயிலையும் காட்டும், நிழற்குடையைக் கட்டிய லட்சணத்தையும் காட்டும்.

சித்திரைத் திருவிழாவில் எல்லோரிடமும் ஒரே படம்தான் இருக்கிறது. நான் எப்படி வேறுபடுவது?

அழகர் ஆற்றில் இறங்கும் படத்தை எடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. தங்கக் குதிரையில் வரும் அழகர் அந்த ஆண்டு உடுத்தியிருக்கும் பட்டின் நிறமே ஊருக்குச் செய்தி. பச்சைப் பட்டு என்றால் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்று நம்புகிற ஊர் இது. அந்தப் படத்தை டெஸ்க்குக்கு, அதாவது அலுவலகத்தில் படம் தேர்ந்தெடுத்துப் பக்கம் அமைப்பவர்களுக்கு, அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது.

உங்கள் படம் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. அழகர்மலையிலிருந்து புறப்படும் சாமி வழிநெடுக மண்டகப்படிகளில் இறங்கி இறங்கி வருகிறார். மூன்றுமாவடியில் ஊர் மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. ஒவ்வோர் இடத்திலும் சாமி வருவதற்கு முன்னால் நீண்ட காத்திருப்பு ஒன்று இருக்கிறது. சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றத் தயாராக நிற்கும் பெண்கள். தோப்பறை என்கிற தோல் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, அதைப் பீய்ச்சும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று வாயால் ஊதிப் பார்க்கும் வேடம் போட்ட ஆண்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தகப்பன் தோளிலேயே தூங்கிப்போன குழந்தை. இவர்களோடு சேர்ந்து நீங்களும் காத்திருக்க வேண்டும். குதிரை கண்ணில் பட்டு "கோவிந்தா" என்ற சத்தம் எழும்போது, உங்கள் கேமரா சாமி பக்கம் திரும்பாமல் இந்த முகங்கள் பக்கம் இருக்கட்டும். சூடத்தின் வெளிச்சம் கீழிருந்து ஏறும். ஃபிளாஷ் போட்டால் அந்த வெளிச்சம் செத்துவிடும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) f/2, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 நொடி என்று தொடங்கி, முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஆற்றுப் பக்கம் போகிற போட்டோகிராபர் குறைவு. கூட்டம் விட்டுப்போன செருப்பு, பாட்டில், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கூட்டி அள்ளுகிற தூய்மைப் பணியாளர்களின் வேலை அப்போதுதான் தொடங்கும். அதுவும் திருவிழாச் செய்தியே.

நெரிசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-இல் அழகர் இறங்கும்போது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தார்கள். ஏணியைப் போட்டு வழியை மறிக்காதீர்கள், கூட்டத்தைப் பின்னால் தள்ளாதீர்கள். நெருக்குவது தெரிந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஜல்லிக்கட்டுக்கும் இதே வழிதானா?

ஆமாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை 1, 2, 3 மூன்று நாளும் வாடிவாசலுக்கு எதிரே 1/1000 ஷட்டரில் திமிலைப் பிடித்த படம் எல்லோருக்கும் கிடைக்கும். மாடு களத்தைத் தாண்டி ஓடிப்போன பிறகு, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டபடி அலைகிற உரிமையாளரைப் பின்தொடர்ந்து பாருங்கள். மாடு வந்து அவர் கையை மோந்து பார்க்கும் வரை அவர் முகத்தில் நிம்மதி இருக்காது. ஐப்பசி, கார்த்திகையிலேயே கிராமங்களில் கண்மாயில் நீச்சல், நடை, மண் குத்தல் என்று பயிற்சி ஆரம்பமாகிவிடும். வீட்டில் தீவனம் வைத்து வளர்க்கிறவர் பெரும்பாலும் பெண்கள். களத்துப் படங்களில் அவர்கள் இருப்பதே இல்லை.

எனக்கு ஒதுக்குகிற வேலையெல்லாம் மத்தியானத்தில்தான். அந்த வெளிச்சத்தில் என்ன செய்ய முடியும்?

கூரைக்குக் கீழே போங்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் முகம் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் குழிதான் தெரியும். ஆனால் சுண்ணாம்புச் சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் திண்ணைக்கும் தகரக் கொட்டகைக்கும் உள்ளே நீள மென்மையாக வரும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற கை, தையல் மிஷின், சலூன் கண்ணாடி எல்லாம் அந்த வெளிச்சத்துக்கு உரியவை.

திங்கட்கிழமை என்றால் கலெக்டர் அலுவலகம். மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு எப்படியும் நீங்கள் போகத்தான் வேண்டும். உள்ளே கலெக்டர் மனு வாங்குகிற படம் ஒரு நிமிட வேலை. அதை முடித்துவிட்டு வெளியே மர நிழலுக்கு வாருங்கள். மனு எழுதிக் கொடுப்பவரிடம் ஒரு பெரியவர் தன் நிலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். எழுதுகிறவர் நாலு வரியில் அதை அடக்கப் பார்ப்பார். பெரியவரோ ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். மஞ்சள் பையிலிருந்து பட்டா நகல், மடித்து மடித்துக் கிழிந்த பழைய மனுவின் நகல், ரசீது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த மடிப்புகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எத்தனை திங்கட்கிழமை வந்திருக்கிறார் என்பதை அந்தக் காகிதமே சொல்லும்.

தெரியாதவர்களிடம் எப்படிப் போய் நிற்பது? கேட்டுவிட்டால் இயல்பு போய்விடுகிறதே?

முதலில் ஆளாகப் போய் நில்லுங்கள், கேமராவாக அல்ல. "ஆத்தா, பேப்பருக்கு ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா?" என்று கேட்டால், "என்னையப் போயி எதுக்குய்யா?" என்பார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். எதற்காக எடுக்கிறீர்கள், எந்தச் செய்தியோடு வரும் என்று சொல்லுங்கள். சம்மதித்தால் முதலில் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார், முந்தானையைச் சரிசெய்வார். அதையும் எடுங்கள், அது அவர் தன்னைக் காட்ட விரும்பும் விதம். பிறகு கேமராவை மடியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். வாடிக்கையாளர் யாராவது வந்ததும் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. ஒருவரிடம் நடந்துகொண்ட விதம் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரு நல்ல தருணம் தவறிவிட்டது. "இன்னொரு தடவை அப்படியே செய்ங்க" என்று கேட்கலாமா?

செய்திப் படத்தில் கூடாது. உருவப்படம் என்றால் உட்காரச் சொல்லலாம், அது உருவப்படம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். நடந்ததுபோல் நடிக்க வைத்து நடந்தது என்று அச்சிடுவது பொய். அன்றாட வேலையின் அழகு, அது திரும்ப நடக்கும் என்பதுதான். பூக்கார அக்கா இன்னும் நூறு முழம் அளப்பார். காத்திருங்கள்.

குறுக்கே ஒரு கரண்ட் கம்பி. அழித்துவிடலாமா?

கூடாது. நீங்கள் நகருங்கள்.

துக்க வீடு, விபத்து, பிரேதப் பரிசோதனைக் கூடம். இந்த இடங்களிலும் "படைப்பூக்கம்" என்று பேசுவது சரியா?

அங்கே உங்கள் திறமை ஒதுங்கி நிற்பதில்தான் தெரிய வேண்டும். அழுகிற முகத்தை நெருங்கி எடுத்தால் அச்சில் பெரிதாக வரலாம், ஆனால் அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க அந்தப் படத்தோடு இருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் ஃபிளாஸ்க்கோடு நிற்கிற உறவினர், பெஞ்சில் ஒருவர் தோளைப் பிடித்திருக்கும் இன்னொருவர் கை, திரும்பி நிற்கும் முதுகு. இவையும் துக்கத்தைச் சொல்லும்.

சட்டத்தை மறக்க வேண்டாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு தண்டிக்கிறது. குழந்தைகள் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து அவர்களைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் இருக்கின்றன. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை, பள்ளிச் சீருடை, தாயின் முகம் எல்லாமே அடையாளம்தான்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எடுக்க முடியாதே?

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு, பக்தர்கள் செல்போன் கொண்டு போவதே தடைசெய்யப்பட்டது. நிகழ்ச்சிகளுக்கு நிர்வாகம் அனுமதி கொடுத்தால் மட்டும் உள்ளே எடுங்கள். நான்கு சித்திரை வீதிகளும் வெளியே இருக்கின்றன. செல்போனை ஒப்படைத்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல், ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நிற்கும் குடும்பங்களை இன்று வேறெங்கே பார்ப்பீர்கள்?

பெரிய கேமரா இல்லை. செல்போன் போதுமா?

தெருவுக்குப் போதும். ஜல்லிக்கட்டுக்கும் இரவுக்கும் போதாது. ஒரே ஒரு லென்ஸ் வாங்க முடியும் என்றால் 35 அல்லது 50 மி.மீ. வாங்குங்கள். பிரெஞ்சுப் போட்டோகிராபர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வைத்துத்தான் வேலை செய்தார். 1948-இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்த நாட்களையும் எடுத்தவர் அவர். அந்த ஊர்வலப் படங்களில் நம் நினைவில் நிற்பவை மரத்திலும் கம்பத்திலும் ஏறி நிற்கிற சாதாரண மக்களின் முகங்கள்.

பல நாட்களாக எதைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றவில்லை. கண் மரத்துப்போனதுபோல் இருக்கிறது.

உந்துதல் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வராது. தொடர்ந்து விபத்தும் மரணமும் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு இது களைப்பு. முதலில் தூங்குங்கள், பேச வேண்டியதை யாரிடமாவது பேசுங்கள். தூக்கம் கெட்டுப்போய், பார்த்த காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

வெறும் சலிப்புதான் என்றால் உங்களுக்கு நீங்களே ஒரு சின்ன வேலை கொடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கைகள் மட்டும். அடுத்த வாரம் காத்திருப்பவர்கள் மட்டும். அல்லது ஷட்டரை 1/30-இல் பூட்டிவிட்டு, ஷேர் ஆட்டோவோடு சேர்ந்து கேமராவைத் திருப்பிப் பழகுங்கள். ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்ப்பது எனக்கு எப்போதும் உதவுகிறது. ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசைவதிலிருந்து கல் அணைக்கும் வரை நின்று பாருங்கள்.

டெஸ்க் இந்தப் படங்களை எடுத்துக்கொள்வதே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் குறை படத்தில் இருக்காது, பட விளக்கத்தில் இருக்கும். "மதுரையில் பூ விற்கும் பெண்" என்று அனுப்பினால் டெஸ்க்கில் இருப்பவர் அதை எந்தப் பக்கத்தில் வைப்பார்? "பனியால் வரத்து குறைந்து விலை உயர்ந்ததால், ஒரு முழம் கேட்டவர் அரை முழத்தோடு நிறுத்திக்கொள்ள, சரத்தைப் பாதியில் அளந்து தரும் வியாபாரி. இடம்: மதுரை தெற்குவாசல்" என்று அனுப்புங்கள். அது செய்தி. அன்றைய விலையையும் கேட்டு எழுதிவிடுங்கள். நிருபர் எழுதும் செய்தி என்னவென்று காலையிலேயே விசாரித்து, அதற்கு முன்கூட்டியே படம் தேடுவது இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலை செய்தி குறைவாக இருக்கும். தனிப்படத்துக்கு அப்போது இடம் கிடைக்கும்.

அச்சில் வராத படங்களுக்கு என்ன மதிப்பு?

மதுரையை முதன்முதலில் விரிவாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப். 1858-இல் கோபுரங்கள், புது மண்டபம், நாயக்கர் மகால், தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாவற்றையும் எடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ், நீண்ட எக்ஸ்போஷர். அசைகிறவர்கள் அதில் பதியவே மாட்டார்கள். கட்டடங்கள் துல்லியமாக இருக்கின்றன, அன்று அந்தத் தெருக்களில் நடந்துபோன மதுரைக்காரர்கள் இல்லை. அவரால் எடுக்க முடியாமல் போன மனிதர்களைத்தான் நாம் ஒவ்வொரு நாளும் எடுக்கிறோம்.

புது மண்டபத்தையே பாருங்கள். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் தலைமுறை தலைமுறையாக இருந்தன. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தூணில் சாய்ந்து பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த தையல்காரரைச் சும்மா போகிற போக்கில் எடுத்து வைத்தவரிடம் இன்று இருப்பது ஆவணம்.

ஆகவே எதையும் அழிக்காதீர்கள். ஒவ்வொரு நாளின் படங்களையும் தேதி, இடம், பொருள் என்று பெயரிட்ட கோப்புறையில் போடுங்கள். பெயரும் ஊரும் கேட்டு எழுதியதைப் படத்தின் தகவல் பகுதியிலேயே தமிழில் பதிந்துவிடுங்கள், தனி நோட்டு தொலைந்துபோகும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் வையுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று வேறோர் இடத்தில்.